கப்பலின் பருவமும் தறியின் பருவமும்

ஐப்பசி பிறந்ததும் புதுச்சேரியின் பிரெஞ்சுத் தெருக்களில் இருக்கும் பொட்டிக் கடைகளில் அலமாரிகள் மாறுகின்றன. அவுரி தோய்த்த பருத்திச் சட்டைகள், கைத்தறித் துப்பட்டாக்கள், சுடுமண் தோடுகள், கண்ணாடி மணி மாலைகள் எல்லாம் புதிதாக வந்து தொங்கும். அடுத்த ஐந்து மாதம் சுற்றுலாப் பயணிகள் வருவார்கள். ஆண்டு வியாபாரத்தின் பெரும்பகுதி அதற்குள் முடிந்துவிடும்.

அதே ஐப்பசியில், நகரத்துக்குத் தென்மேற்கே நெட்டப்பாக்கம் கொம்யூனில் உள்ள பண்டசோழநல்லூரைச் சுற்றிய நெல்வயல்கள் வடகிழக்குப் பருவமழைக்குத் தயாராகின்றன. மழை இறங்கிவிட்டால் அந்த வட்டாரத்துக் கைவேலை பலவும் தடுமாறும். நூல் காயாது, மண் காயாது, சாயம் பிடிக்காது. புதுச்சேரிப் பகுதியின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. கடைக்குப் பருவம் தொடங்கும் மாதம், செய்பவருக்குப் பருவம் முடியும் மாதம்.

இந்த முரண் நேற்று வந்ததல்ல. இக்கடற்கரையில் துணியும் மணியும் விற்கத் தொடங்கிய காலத்திலிருந்தே வாங்குபவரின் நாட்காட்டி ஒன்றாகவும் செய்பவரின் நாட்காட்டி வேறாகவும் இருந்திருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே பல மாதக் காத்திருப்பு ஒன்று உண்டு. சரக்கு முடங்கிக் கிடக்கும், பணம் வராது, அடுப்பு மட்டும் எரிந்தாக வேண்டும். அந்தக் காத்திருப்பின் செலவை யார் ஏற்கிறார் என்பதைக் கொண்டே ஒரு கைவினை வாழுமா, தேயுமா என்பது தீர்மானமாகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். பண்டசோழநல்லூரை நடுவில் வைத்துச் சுற்றிப் பார்த்தால், சில மணி நேரப் பயணத் தூரத்துக்குள்ளேயே இந்த வாதத்துக்கு இரண்டாயிரம் ஆண்டுச் சான்று கிடைக்கிறது.

காற்று குறித்த தேதி

முதல் சான்று அரிக்கமேடு. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கும் இந்த இடத்தை 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். பின்னர் 1947 முதல் 1950 வரை ழான்-மரி கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழ்ந்தனர். கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'எரித்திரேயக் கடல் பெரிப்ளூஸ்' நூலில் வரும் பொதுகே என்ற துறைமுகம் இதுவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மத்தியதரைக் கடல் பகுதியின் மது ஜாடிகளும் இத்தாலியச் சிவப்பு மட்கலங்களும் இங்கே கிடைத்தன. அவற்றோடு, இந்த மண்ணிலேயே செய்த மணிகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன.

அரிக்கமேட்டு மணிகளின் தொழில்நுட்பம் இன்றும் வியக்க வைப்பது. உருகிய கண்ணாடியை உள்ளே துளையுள்ள நீண்ட மெல்லிய குழாயாக இழுத்து, ஆறியபின் சிறு துண்டுகளாக நறுக்கி, மறுபடி சூடேற்றி விளிம்புகளை மழுக்குவார்கள். இந்த முறையில் செய்த மணிகள் தென்கிழக்கு ஆசியா வரை பரவின. மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் இவற்றுக்கு 'இந்தோ-பசிபிக் மணி' என்று பெயரிட்டார். சூதுபவளம், படிகம், அகேட் போன்ற கற்களையும் இங்கே அறுத்துத் துளையிட்டிருக்கிறார்கள்.

இந்தச் சரக்கை வாங்க வந்தவர்களைக் காற்றுதான் அழைத்து வந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய பிளினியின் குறிப்புப்படி, எகிப்திலிருந்து புறப்படும் கப்பல்கள் நடுக்கோடையில் பாய் விரித்துத் தென்மேற்குக் காற்றில் இந்தியா வரும். டிசம்பர் வாக்கில் காற்று திரும்பியதும் ஊர் போகும். வாங்குபவர் கரையில் இருப்பது ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே. மணி செய்பவரின் உலையோ விறகும் வெயிலும் இருக்கும் மாதமெல்லாம் எரிய வேண்டும். செய்வதற்கும் விற்பதற்கும் இடையே இருந்த இந்தக் கால இடைவெளியை ஏதோ ஒன்று தாங்கியாக வேண்டும். அரிக்கமேட்டில் வீலர் கண்ட நீண்ட செங்கல் கட்டடத்தை அவர் சரக்குக் கிடங்கு என்று கருதினார். அது கிடங்குதான் என்றால், அங்கே இருந்த வணிகர் எவரோ சரக்கை முன்கூட்டி வாங்கிச் சேர்த்து வைத்திருக்கிறார் என்று பொருள் கொள்ளலாம். காத்திருக்கும் வசதி படைத்தவர் காத்திருந்தார். உலையடியில் இருந்தவர் அடுத்த மணியைச் செய்யப் போனார்.

அங்கே கிடைத்த செங்கல் தொட்டிகளை வீலர் சாயத் தொட்டிகள் என்று விளக்கியதைப் பின்வந்த ஆய்வாளர்கள் ஐயுற்றார்கள். அந்த ஐயம் நியாயமானதே. ஆனால் இதே கரையில் சாயமும் துணியும் பெருந்தொழிலாக நின்ற காலம் ஒன்று பின்னால் வந்தது. அதற்கு எழுத்துச் சான்றுக்குக் குறைவில்லை.

நீலத் துணியின் நாட்காட்டி

1674இல் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் குடியேற்றத்தை ஊன்றினார். 1693இல் அதை டச்சுக்காரர் பிடித்து 1699இல் திருப்பிக் கொடுத்தார்கள். தெற்கே கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தை 1690இல் ஆங்கிலேயர் வாங்கியிருந்தார்கள். அதற்கும் தெற்கே பரங்கிப்பேட்டை, தரங்கம்பாடி. கம்பெனிகள் இவ்வளவு நெருங்கி உட்கார்ந்ததற்கு முதல் காரணம் துணி. இன்றைய பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம் கொம்யூன்கள் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடைப்பட்ட நிலத்தில் இருப்பவை. 1752இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பாகூரிலேயே மோதிக்கொண்டார்கள்.

கம்பெனிக் கப்பல்களும் காற்றுக்குக் கட்டுப்பட்டவை. தென்மேற்குப் பருவக்காற்றில் வந்து சேரும். வடகிழக்குப் பருவம் பிறந்தால் கரை ஆபத்தாகும். சோழமண்டலக் கடற்கரையில் அன்று கப்பல் ஒதுங்கத் துறை கிடையாது. திறந்த கடலில் நங்கூரம் போட்டுப் படகில்தான் சரக்கு ஏற்ற வேண்டும். 1746 செப்டம்பரில் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனேயின் கப்பல்களை நகரைக் கைப்பற்றிய சில வாரங்களுக்குள் புயல் சிதறடித்தது. 1761 புத்தாண்டு நாளில் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பற்படையைப் புயல் தாக்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகளைக் கொன்றது. ஆகவே மழைக்கு முன் துணி தயாராகிவிட வேண்டும் என்பது வணிகத்தின் இரும்பு விதி.

அந்த விதியை நிறைவேற்றிய ஏற்பாட்டின் பெயர் முன்பணம். கம்பெனி ஊர் வணிகர்களோடு ஒப்பந்தம் போடும். வணிகர்கள் ஊர் ஊராக ஆள் அனுப்பி நெசவாளருக்கு முன்பணம் கொடுப்பார்கள். அந்தப் பணத்தில் நெசவாளர் நூல் வாங்குவார், தறி ஓடும்வரை சாப்பிடுவார். துணி கம்பெனிக் கிடங்குக்கு வந்து, தரம் பார்த்து, மூட்டையாகிக் கப்பல் ஏறும். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை இந்த உலகின் நடுவில் வாழ்ந்தவர். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியான (மொழிபெயர்ப்பாளரும் முகவருமான) அவர் தாமும் வணிகர். ஆனந்தப்புரவி என்ற கப்பலை ஓட்டியவர். கப்பல் எப்போது வரும், எவ்வளவு வெள்ளி கொண்டுவரும் என்ற கவலை அந்நாட்குறிப்பு நெடுகிலும் தெரிகிறது. வெள்ளி வந்தால் முன்பணம். முன்பணம் இருந்தால் துணி.

இந்த முன்பணத்தை வெறும் கடன் வலை என்று பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. வரலாற்றாய்வாளர் பிரசன்னன் பார்த்தசாரதி 2001இல் வெளியிட்ட தென்னிந்திய நெசவாளர் பற்றிய நூல் வேறொரு படத்தைக் காட்டுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நெசவாளர் விரும்பினால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள முடிந்தது. அந்த உரிமை வணிகருக்கு இல்லை. விலை பிடிக்கவில்லை என்றால் இன்னொரு வணிகரிடம் போகலாம், ஊரையே மாற்றலாம். பக்கத்துப் பக்கத்தில் நாலு கம்பெனிகள் துணிக்குப் போட்டியிட்ட கரையில் இது பெரிய பலம். ஆங்கிலேயர் ஆதிக்கம் உறுதிப்பட்ட பிறகே அந்தப் பலத்தைச் சட்டத்தாலும் ஆள்பலத்தாலும் நொறுக்கினார்கள் என்கிறார் அவர். காத்திருப்பின் செலவு ஒரு காலத்தில் வாங்குபவரின் தலையில் இருந்தது என்பதுதான் இதில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய செய்தி.

புதுச்சேரியின் பெயரை உலகெங்கும் கொண்டுபோன துணி 'கினே' எனப்பட்ட நீலப் பருத்தித் துணி. நெய்த துணியை அவுரிச் சாயத்தில் பலமுறை தோய்த்துக் கருநீலமாக்குவார்கள். அது பிரான்சுத் துறைமுகங்கள் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போனது. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்தத் துணியைக் கொடுத்து மனிதர்களை அடிமைகளாக வாங்கினார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செனகல் ஆற்றங்கரையில் அது ஏறக்குறையப் பணமாகவே புழங்கியது. கருவேல இனத்துப் பிசினுக்கு விலையாக நீலத் துணிதான் எண்ணிக் கொடுக்கப்பட்டது. அந்தப் பிசின் பிரான்சின் துணி அச்சடிப்பு ஆலைகளில் சாயத்தைக் கெட்டிப்படுத்தப் பயன்பட்டது. 1840களில் பிரெஞ்சு அரசு செனகலுக்குப் போகும் கினேயின் அளவு, எடை, தரம் ஆகியவற்றை விதியாக்கிப் புதுச்சேரியில் முத்திரையிடச் செய்தது.

பிசின் வணிகத்துக்கும் பருவம் உண்டு. பாலைக் காற்று வீசும் உலர்காலத்தில் மரப்பட்டை வெடித்துப் பிசின் வடியும். அதை எடுத்து ஆற்றங்கரைச் சந்தைக்குக் கொண்டுவருவார்கள். ஆக, புதுச்சேரி வட்டாரத்து நெசவாளரும் சாயக்காரரும் தாங்கள் ஒருபோதும் காணாத ஒரு பாலைவனத்தின் அறுவடைக் காலத்துக்கு ஏற்பத் துணி கொடுத்திருக்கிறார்கள். சந்தை விரிந்தபோது வாய்ப்பும் விரிந்தது. ஆனால் எப்போது விற்பது என்பதைத் தீர்மானிக்கும் இடம் மேலும் மேலும் தூரமாகப் போனது.

பிறகு ஆலைகள் வந்தன. 1828இல் தொடங்கிய சவானா ஆலையும் 1898இல் தொடங்கிய ரோடியர் ஆலையும் காபலே ஆலையும் புதுச்சேரியின் முகத்தை மாற்றின. ஆலைக்கு மழையும் வெயிலும் ஒன்றே. அதன் நாட்காட்டி சங்கொலி. 1936 ஜூலை 30இல் எட்டு மணி நேர வேலை கேட்ட தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் உயிரிழந்தார்கள். 1897இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்ததால் அவுரிச் சாகுபடியும் விழுந்தது. ரோடியர் ஆலையின் வாரிசான ஏ.எஃப்.டி. ஆலை 2020 ஏப்ரலில் மூடப்பட்டது. ஆலை எழுந்து ஓய்ந்த பிறகும் இந்த வட்டாரத்தில் எஞ்சி நிற்பது கைத்தறியும் கைவினையும்தான்.

பாவுக்கு வெயில் வேண்டும்

கைவேலையின் பருவத்தைப் புரிந்துகொள்ளப் பாவிலிருந்து, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்களிலிருந்து, தொடங்க வேண்டும். பருத்திப் பாவைத் தறியில் ஏற்றும் முன் கஞ்சி போட்டு விறைப்பாக்க வேண்டும். இல்லையேல் அச்சில் உரசி இழை அறும். விடியற்காலையில் தெருவிலோ மர நிழல் உள்ள பாவடியிலோ பாவை நீட்டிக் கட்டி, கஞ்சி தடவி, இழை இழையாகப் பிரித்து வாரி, வெயில் ஏறுவதற்குள் சீராகக் காயவிடுவார்கள். இது ஒருவர் வேலையல்ல. குடும்பமே, பல நேரம் தெருவே கூடிச் செய்வது. தூறல் விழுந்தால் பாவு கெடும். ஈரமாகவே சுருட்டினால் கஞ்சி பூசணம் பிடிக்கும்.

குழித்தறியில் நெசவாளரின் கால்கள் தரைக்குக் கீழே இருக்கும். மண்ணின் ஈரம் பருத்தி இழைக்கு இதமானது. அக்னி நட்சத்திர வறட்சியில் இழை முறுக்கேறி அடிக்கடி அறுவதைக் குழியின் குளுமை ஓரளவு தடுக்கும். அதே குழி அடைமழையில் ஊற்றெடுக்கும். குழியில் நீர் நின்றால் தறி நிற்கும். பட்டுத் தறியிலும் மழைக்காலம் சுகமில்லை: மரச்சட்டங்கள் உப்பும், ஜக்கார்டு அட்டைகள் ஈரம் குடித்து வளையும், ஜரிகை கறுக்கும் என்று அஞ்ச வேண்டும். ஆக, தை முதல் பங்குனி வரையும், பிறகு ஆடி முதல் புரட்டாசி வரையும்தான் தறி தடையின்றி ஓடும் மாதங்கள்.

சாயத்துக்கும் இதே கதைதான். அவுரி இலையை நீரில் ஊறவைத்து, சாற்றைக் காற்றுப்படும்படி அடித்துக் கலக்கினால் நீலம் அடியில் படியும். அதை வடித்துக் காய்ச்சிக் கட்டியாக்கி உலர்த்துவார்கள். அன்றைய தென்னார்க்காடு இந்தப் பயிருக்குப் பேர்போன மாவட்டம். இன்றும் திண்டிவனம், விழுப்புரம் பக்கம் அவுரி விளைகிறது. துணி தோய்க்க அந்தக் கட்டியை அப்படியே கரைக்க முடியாது. தகரை விதையை வேகவைத்துச் சுண்ணாம்போடு சேர்த்துப் பானையில் புளிக்க வைக்க வேண்டும். நுண்ணுயிர்கள் வேலை செய்து நீலத்தைக் கரைநிலைக்குக் கொண்டுவரும். பச்சையும் மஞ்சளுமாய் வெளிவரும் துணி காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். இந்தப் பழைய முறையை ஆரோவில்லின் 'கலர்ஸ் ஆஃப் நேச்சர்' சாயப்பட்டறை மறுபடி நிலைநிறுத்தியது. புளிக்க வைக்கும் பானை வெதுவெதுப்பை விரும்பும். குளிர்ந்த, ஈரமான நாட்களில் அது மந்தமாகும். ஒவ்வொரு தோய்ப்புக்கு நடுவிலும் துணி காய வேண்டும். அவசரப்படுத்தினால் நிறம் நிற்காது.

மண்ணும் அப்படியே. வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. இந்த மரபில் வந்த முனுசாமி கிருஷ்ணபக்தருக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஆற்றங்கரைக் களிமண்ணைப் பிசைந்து உருவாக்கிய பொம்மையோ தோடோ முதலில் நிழலிலும் பிறகு வெயிலிலும் முழுதாக உலர வேண்டும். ஈரம் மிச்சம் இருந்தால் சூளையில் நீராவி வெடித்து அந்தப் பொருளும் போகும், பக்கத்தில் அடுக்கியதும் போகும். ஆனால் சுடுமண்ணுக்கு ஊர்த் தேவை எழுவது எப்போது? நவராத்திரிக் கொலு, கார்த்திகை அகல், பொங்கல் பானை. மூன்றில் இரண்டு மழையை ஒட்டியோ மழைக்குள்ளேயோ வருபவை. எனவே குயவர் ஆனி ஆடியிலேயே சுட்டுச் சேர்த்து வைக்க வேண்டும். மண், விறகு, கூலி எல்லாவற்றுக்கும் அப்போதே பணம் போட வேண்டும்.

மழையின் கடுமை இன்று கூடிக்கொண்டும் வருகிறது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறி, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் பெருகிப் பாகூர் வட்டாரக் கிராமங்களை மூழ்கடித்தது. டிசம்பர் முதல் வாரம், பொட்டிக் கடைகள் கிறிஸ்துமஸ் சரக்கு கேட்கும் வாரம்.

பண்டிகையும் முகூர்த்தமும்

ஊர்ச்சந்தை மட்டும் கைவினைஞரின் பருவத்தோடு ஒத்துப்போனதா என்றால் அதுவும் இல்லை. தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் வருகிறது. அதற்குள் துணி கடைக்கு வர வேண்டும். கல்யாணப் புடவைக்கு ஆடியும் மார்கழியும் ஆகாத மாதங்கள். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் தேவை குவியும், நடுவில் ஓயும்.

பண்டசோழநல்லூருக்கு அருகே மடுகரையைத் தாண்டினால் விழுப்புரம் மாவட்டத்தின் சிறுவந்தாடு. காஞ்சிபுரம் பாணிப் பட்டுப் புடவைக்குப் பேர்பெற்ற ஊர். புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் எல்லை இங்கே வயல் வரப்புகளின் ஊடே வளைந்து வளைந்து போகிறது. வாங்குபவரும் நெய்பவரும் அதைப் பார்ப்பதில்லை. பட்டு நெசவில் பாவும் ஜரிகையும் விலை கூடியவை என்பதால் பெரும்பாலும் முதலாளி அல்லது கூட்டுறவுச் சங்கம் கொடுக்கும் பாவில் நெசவாளர் கூலிக்கு நெய்கிறார். முகூர்த்தம் ஓய்ந்த மாதங்களில் அடுத்த பாவு தள்ளிப்போகும். பாவு இல்லாத நாளுக்குக் கூலி இல்லை.

இந்தத் தொல்லையைப் பொதுவில் தாங்குவதற்காகவே கூட்டுறவு பிறந்தது. 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ், இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்க நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் சரக்கை வாங்கி விற்கிறது. ஆண்டு முழுவதும் சங்கம் பாவு கொடுக்கும், துணியை வாங்கும், கூலி தரும். தீபாவளிக்கு அரசு தரும் 30 சதவீதத் தள்ளுபடியில் தேங்கிய சரக்கு கரையும். 1983இல் எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய பொங்கல் இலவச வேட்டி சேலைத் திட்டமும் இந்த நோக்கத்தையே கொண்டது. ஏழைகளுக்குத் துணி, தறிகளுக்கு மந்த மாதத்தில் வேலை. இன்று ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட சேலைகள் அத்திட்டத்தில் தேவைப்படுகின்றன. பெரும்பகுதி விசைத்தறிக்குப் போய்விட்டாலும் அந்த யோசனையின் அறிவு குறையவில்லை. கூட்டுறவிலும் நிலுவை சேரும், கூலி தாமதமாகும். இருந்தாலும் தேங்கிய சரக்கின் பாரத்தை ஒரு நெசவாளர் வீட்டிலிருந்து எடுத்து ஓர் அமைப்பின் தோளில் வைத்த சாதனை கூட்டுறவினுடையது.

பொட்டிக்கின் பருவம்

பொட்டிக் கடை இந்த வரலாற்றின் புதிய அத்தியாயம். 1968இல் ஆரோவில் தோன்றிய பிறகு அதன் கைவினைப் பட்டறைகளும், பின்னர் நகரத்தின் பிரெஞ்சுப் பகுதியில் எழுந்த கடைகளும் கைத்தறிக்கும் கைமணிக்கும் புதிய வாங்குபவரைக் கொண்டுவந்தன. 1997இல் ஆரோவில்லில் தொடங்கிய 'உபாசனா' போன்ற நிறுவனங்கள் உடை வடிவமைப்பையும் நெசவாளர் நலனையும் சேர்த்தே பேசின. இது சிறிய தொண்டு இல்லை. நல்ல பொட்டிக் கடை ஒன்று கைப்பொருளுக்கு ஆலைப்பொருளைவிடக் கூடுதல் விலை உண்டு என்பதை வாங்குபவருக்குக் கற்றுக்கொடுக்கிறது. நிறம் சற்றே மாறுபடுவதைக் குறையென்று கருதாமல் கையின் அடையாளமாகப் பார்க்கப் பழக்குகிறது.

ஆனால் அதன் பருவம் சுற்றுலாவின் பருவம். அக்டோபரில் தொடங்கி மார்ச்சில் முடியும். வெளிநாட்டுக்கு அனுப்பும் பட்டறைகள் ஐரோப்பாவின் கோடை, குளிர்காலப் பட்டியல்களுக்கு ஏற்ப மாதக்கணக்கில் முன்னதாகவே மாதிரி கொடுக்க வேண்டும். கடைக்காரர் செப்டம்பரில் வடிவம் தீர்மானித்து நவம்பரில் சரக்கு கேட்டால், தறி அதை மழைக்குள் நெய்ய வேண்டியிருக்கும். சாயம் மழைக்குள் தோய வேண்டும், மண் மழைக்குள் காய வேண்டும். முடியாத இடத்தில் இயற்கைச் சாயம் செயற்கைச் சாயமாகும், கைத்தறி விசைத்தறியாகும், சுடுமண் அச்சு வார்ப்பாகும். பெயர்ச்சீட்டு மட்டும் மாறாது. கைவினையின் தரம் இப்படிக் கெடுவதற்குக் கைவினைஞரின் நேர்மைக்குறைவைக் காரணம் சொல்வது அநியாயம். தவறான மாதத்தில் கேட்கப்பட்ட ஆர்டர்தான் காரணம்.

அடுத்தது பணம். பல கடைகள் 'விற்றால் பணம்' என்ற ஏற்பாட்டில் சரக்கை எடுத்துக்கொள்கின்றன. பொருள் கடையில் தொங்கும், விற்ற பிறகு செய்தவருக்குக் கணக்குத் தீர்க்கப்படும், விற்காதது மார்ச்சில் திரும்பி வரும். கம்பெனிக் காலத்து முன்பணத்தோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு உறைக்கும். அன்று வாங்குபவர் செய்பவருக்குக் கடன் கொடுத்தார். இன்று செய்பவர் கடைக்குக் கடன் கொடுக்கிறார். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: நூலும் சாயமும் கூலியுமாகப் பத்தாயிரம் ரூபாய் போட்ட சரக்கு நான்கு மாதம் கடையில் கிடக்கிறது. அந்தப் பத்தாயிரத்தைச் செய்பவர் இரண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால் 800 ரூபாய் வட்டி. அது அவருடைய லாபத்திலிருந்தே போகும். பல நேரம் லாபமே அவ்வளவுதான்.

யாரிடமிருந்து இந்தக் கடனை வாங்குகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். 2019-20ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு நாட்டில் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள் இருப்பதாகச் சொல்கிறது. பத்தாண்டுக்கு முந்தைய கணக்கெடுப்பில் அது 43.31 லட்சம். நெசவாளர்களில் பத்தில் ஏழு பேர் பெண்கள். சுமார் மூன்றில் இரண்டு பங்கு நெசவுக் குடும்பங்களின் மாத வருமானம் ஐயாயிரம் ரூபாய்க்குக் கீழே. நாட்டின் மிக மெலிந்த கையிருப்பு உள்ளவர்களிடம் கடையின் சரக்கு முதலீட்டைச் சுமத்துகிறோம். அவர்கள் தொழிலை விட்டுப் போவதில் வியப்பில்லை.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், பொருளை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியின் மூன்று மடங்குக்குக் கூட்டுவட்டி. ஆனால் அந்தப் பாதுகாப்பைப் பெற, சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு வேண்டும். வீட்டில் ஒரு தறியோ சக்கரமோ வைத்திருப்பவர்களில் பலர் அந்த வாசலுக்கே வந்ததில்லை. 'விற்றால் பணம்' ஏற்பாட்டிலோ விற்பனையே இன்னும் நடக்கவில்லை என்று சொல்லி 45 நாள் கணக்கு தொடங்காமலேயே நிறுத்திவிடலாம்.

சுமையைப் பங்கிடும் வழி

இதற்குத் தீர்வு கடினமானதில்லை. பழைய ஏற்பாட்டின் நல்ல பகுதியை மீட்பதுதான். முதலாவது, ஆர்டரின் மாதத்தை மாற்ற வேண்டும். சுற்றுலாப் பருவம் முடியும் மாசி, பங்குனியிலேயே அடுத்த ஆண்டுக்கான வடிவங்களைத் தீர்மானித்துப் பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்தால், ஆடி முதல் புரட்டாசி வரையான நல்ல மாதங்களில் தறியும் சாயமும் சூளையும் நிதானமாக வேலை செய்யும். ஐப்பசியில் கடைக்குப் புதுச்சரக்கு இருக்கும், மழையில் செய்பவருக்குக் கையில் பணம் இருக்கும். கடைக்காரருக்கும் பருவத்தில் விற்ற பணம் கையில் இருக்கும் மாதம் பங்குனிதான். முன்பணம் கொடுக்க அதைவிடத் தோதான நேரம் இல்லை.

இரண்டாவது, பொருள் கைமாறும் நாளில் விலை முடிய வேண்டும். விற்காமல் போவது கடைக்காரரின் கணிப்புப் பிழை. வடிவத்தையும் எண்ணிக்கையையும் தீர்மானித்தவர் அவர். சிறு கடைகளால் தனியாகத் தாங்க முடியாது என்றால், பல கடைகள் சேர்ந்தோ கூட்டுறவு வங்கியின் துணையோடோ சரக்கு முதலீட்டு நிதி ஒன்றை வைக்கலாம். மூன்றாவது, கொம்யூன் பஞ்சாயத்துகள் மழைக்காலத்துக்கு வேலை இடம் தர வேண்டும்: கூரையுள்ள பாவடி, உயர்ந்த தளத்தில் தறிக்கூடம், மண்பொருள் உலர்த்தும் கொட்டகை. ஊருக்கு ஒரு நெற்களம் எப்படிப் பொதுச்சொத்தோ அப்படியே இதுவும். உத்யம் பதிவை ஊர்ச் சாவடிக்கே கொண்டுவந்து செய்து தரலாம்.

வாங்கும் நமக்கும் இதில் பங்கு உண்டு. பொட்டிக் கடையில் ஒரு புடவையையோ மாலையையோ கையில் எடுக்கும்போது வழக்கமாக நாம் கேட்பது எந்த ஊர், என்ன சாயம், கைவேலைதானா என்பவை. இவற்றோடு மூன்று கேள்விகளைச் சேர்க்கலாம். எந்த மாதம் செய்தது? செய்தவருக்குப் பணம் எப்போது கொடுத்தீர்கள்? விற்காமல் போனால் இது யாருடையது? இந்த மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்லும் கடை, விலை சற்றுக் கூடினாலும் வாங்கத் தகுந்த கடை. அந்தக் கூடுதல் விலை செய்பவரின் காத்திருப்புக்கு நாம் கொடுக்கும் நியாயமான கூலி. அதைக் கொடுக்க மறுத்தால், ஐப்பசிதோறும் புதுவரவு வரும். செய்யும் கைகள்தான் ஆண்டுதோறும் குறையும்.